லினக்ஸில் வைஃபை எடுக்கவில்லையா? டிரைவரோடு மல்லுக்கட்டுவதா, கார்டை மாற்றுவதா, டாங்கிள் செருகுவதா

லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ போட்டு முடித்து, ஆசையாக வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரூட்டர்கூடத் தெரியவில்லை. இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: டிரைவரை (வைஃபை சிப்பை லினக்ஸ் இயக்க உதவும் மென்பொருள்) சரிசெய், உள்ளே இருக்கும் வைஃபை கார்டை மாற்று, டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை கருவி) வாங்கு என்று. அவற்றில் எது யாருக்குச் சரிப்படும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. வைஃபை இணைந்துவிட்டது, பக்கங்கள்தான் திறக்கவில்லை என்றால் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) 'ping 8.8.8.8' என்று அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் ஏற்பாடு) கோளாறு. காசு செலவழிக்க வேண்டியதில்லை. பட்டியலே காலி என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) கட்டளை கொடுங்கள். 'ஹார்ட் பிளாக்ட்' (Hard blocked) என்பதற்கு நேரே 'yes' என்று இருந்தால், லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சுவிட்சோ கீபோர்டில் உள்ள விமானப் படம் போட்ட விசையோதான் வைஃபையை அணைத்து வைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையில் வைஃபை சிப்பின் பெயரைப் பாருங்கள். இனி எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்ததுதான்.

இன்றைக்கு ராத்திரியே வேலை முடிய வேண்டும் என்றால் போன்தான் கதி. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் வயர் போட்ட இணைப்பாக உடனே வந்துவிடும். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த இணைப்பையே பகிர்ந்துவிடும், டேட்டா பேக் கரையாது. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற சிக்கலும் இதில் தீரும். ஆனால் நிரந்தரமாக இப்படி ஓட்ட முடியாது; போன் கேபிளிலேயே கட்டிக்கிடக்க வேண்டும்.

டிரைவர் வழியில், பிராட்காம் நிறுவனத்தின் சிப் உள்ளவர்களுக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் சிப் உள்ளவர்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். உபுண்டுவில் பிராட்காம் என்றால் டெதரிங்கில் நெட் கொடுத்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் ஒரு தேர்வு, ஒரு ரீஸ்டார்ட், அநேகமாக முடிந்தது. ரியல்டெக் என்றால் யாரோ கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் மூல நிரலை இறக்கி கம்பைல் செய்யச் (ஓடக்கூடிய டிரைவராக மாற்றச்) சொல்வார்கள். செய்தாலும், கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மறுபடி கட்டியாக வேண்டும். கட்ட முடியாமல் போனால், நேற்று ஓடிய வைஃபை இன்று காணாமல் போகும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. டிரைவருக்கான சாவியைப் பதிய, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். பலர் அதைத் தாண்டிப் போய்விட்டு டிரைவரைத் திட்டுவார்கள்.

கம்பைலுக்குப் போகுமுன் கர்னல் பதிப்பைப் பாருங்கள். மலிவு லேப்டாப்புகளில் அடிக்கடி தென்படும் ரியல்டெக் சிப்பான ஆர்டிஎல்8821சிஇ-க்கான டிரைவர், கர்னல் 5.9-இலேயே உள்ளே வந்துவிட்டது. உபுண்டு 20.04 வந்தபோது அதில் இருந்த கர்னல் 5.4, 22.04-இல் 5.15. பழைய வழிகாட்டியைப் பார்த்துக் கம்பைல் செய்வதைவிட புதிய பதிப்புக்கு மாறுவது எவ்வளவோ மேல்.

என்னைக் கேட்டால், கழற்ற முடிகிற கார்டு என்றால் மாற்றிவிடுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200-க்குக் கர்னல் 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 போதும். அதன்பின் டிரைவர் என்ற பேச்சே எழாது. வாங்கும்போது ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டையும் தொடாதீர்கள். அவை தனி கார்டுகள் அல்ல. வேலையில் பாதியை இன்டெல் பிராசஸர் பக்கமே செய்வதால், ஏஎம்டி பிராசஸர் உள்ள லேப்டாப்பில் செருகினால் பயனில்லை. லெனோவோ, ஹெச்பி பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்), தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். மாடல் எண்ணைப் போட்டு அதையும் தேடிப்பாருங்கள்.

மாற்றுவது ஒரு ஸ்குரூ வேலைதான், நிதானம் வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். கார்டின் தலையில் கருப்பு, வெள்ளை என இரண்டு ஆன்டெனா வயர்கள், கடுகளவு பித்தளை வளையத்தில் உட்கார்ந்திருக்கும். நகத்தை அடியில் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வளையம் வளைந்துவிடும். மறுபடி மாட்டும்போது நேராக வைத்து அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். மலிவு மாடல்களில் ஒரே வயர்தான் இருக்கும். அப்போது புது கார்டு ஓடும், அதன் முழு வேகம் கிடைக்காது.

கார்டு மதர்போர்டிலேயே ஒட்டியிருந்தாலோ டெஸ்க்டாப் என்றாலோ டாங்கிள். கடையில் பிராண்டைச் சொல்லி வாங்குவதுதான் இங்கே பொறி. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் லினக்ஸுக்கு ஏற்ற ஏதெரோஸ் சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. மீடியாடெக் எம்டி7612யூ (கர்னல் 4.19 முதல்), எம்டி7921ஏயூ (5.18 முதல்) சிப்புள்ளவற்றைத் தேடுங்கள். செருகியதும் டாங்கிள் ஒரு சிடி டிரைவ் போலத் தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்திருக்கும் ரகம் அது. ஃபைல் மேனேஜரில் 'எஜெக்ட்' கொடுங்கள், வைஃபை சாதனமாக மாறிவிடும்.