உண்மை விளக்கம்: பத்துப் பேர் கூடிப் படிக்க ஏற்ற சாத்திரமா?

சைவ சித்தாந்தம் படிக்கவென்று ஒரு சிறு குழு சேர்ந்ததும், எந்த நூலில் தொடங்குவது என்ற பேச்சு வரும். பெரும்பாலும் சிவஞானபோதத்தைத்தான் எடுப்பார்கள். 12 சூத்திரம், 40 அடி. பார்வைக்குச் சின்ன நூல்தான். ஆனால் முதல் சூத்திரத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருப்பார்கள். நூல் அவ்வளவு இறுக்கம், உரை அதைவிட இறுக்கம். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் கூடிப் பேசித் தொடங்குவதற்குத் தோதானது உண்மை விளக்கம்தான். ஆனாலும் சில இடங்களில் அது குழுவைக் கவிழ்த்துவிடும். அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் செய்த நூல். காப்போடு சேர்த்து 54 வெண்பா. மாணவர் கேட்கிறார், சிவஞானபோதம் செய்த திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் விடை சொல்கிறார். நூல் முழுக்க இதே நடைதான். தொடக்கத்திலேயே கேள்விகள் அனைத்தும் ஒரே வெண்பாவில் வந்துவிடுகின்றன:

ஆறாறு தத்துவமே தாணவமே தன்றேதான்
மாறா வினையேது மற்றிவற்றின் வேறாகா
நானேது நீயேது நாதன் நடமஞ்செழுத்துத்
தானேது தேசிகனே சாற்று.

தத்துவம் (உடல், மனம், உலகம் இவற்றை ஆக்கும் கூறுகள்), ஆணவம், வினை, நான், நீ, நடனம், அஞ்செழுத்து (சிவாயநம) என்று ஏழு கேள்விகள். குருவைப் பார்த்தே ‘நீ யார்?’ என்று கேட்கும் துணிச்சலும் இதில் அடக்கம். முதல் கூட்டத்துக்கு இந்த ஒரு பாட்டு போதும். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, ஏழுக்கும் இப்போது தமக்குத் தோன்றும் விடையை எழுதச் சொல்லி, மடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூல் முடியும்போது அதைப் பிரித்துப் படித்தால் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெரியும். ‘எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும்’ என்று வருகிறவர்களுக்கு ‘ஆணவம்’ என்ற இடத்திலேயே பேனா நின்றுவிடும். பேச்சுவழக்கில் அது திமிர். சித்தாந்தத்தில் அது உயிரின் அறிவை அநாதியாக மறைத்து நிற்கும் மலம், அதாவது அழுக்கு. அடக்கமே உருவான மனிதருக்கும் உண்டு.

குழுவுக்கு 6 முதல் 10 பேர் சரியான அளவு. 12-ஐத் தாண்டினால் அது சொற்பொழிவாகிவிடும், நாலுக்குக் குறைந்தால் இருவர் வராத வாரத்தில் கூட்டமே கிடையாது. வாரம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டை எல்லோரும் மூன்று முறை ஓதவும் பதம் பிரிக்கவும் 20 நிமிடம், புத்தகத்தை மூடிவைத்துப் பேச 40 நிமிடம், பிறகுதான் உரை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. உரையை முதலில் வாசித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. பெரியவர் ஒருவர் உரையைப் படித்து விளக்க, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுச் சுண்டலோடு கலைவதுதான் நடக்கும். பல வகுப்புகள் பட்டுப்போவது இப்படித்தான்.

பேச்சு அரட்டையாகாமல் இருக்க சிவஞானபோதத்திலிருந்தே ஒரு கருவியைக் கடன் வாங்கலாம். அதன் வார்த்திகம் என்னும் விளக்கவுரை ஒவ்வொரு கருத்தையும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று மூன்றாக நிறுத்தும். குழுவிலும் கருத்துச் சொல்பவர் இந்த மூன்றையும் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உடம்பு நான் அல்ல’ என்பது மேற்கோள். ‘என் உடம்பு என்று சொல்கிறேனே’ என்பது ஏது. உடனே எதிரில் ஒருவர் ‘என் உயிர் என்றும்தானே சொல்கிறோம்?’ என்று கேட்பார். கேட்கட்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய கூட்டம் தேறிவிட்டது.

குழு கவிழும் முதல் இடம் தத்துவப் பகுதி. நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆக 36. மண் நாற்கோணம், நீர் பாதி மதி, தீ முக்கோணம், காற்று அறுகோணம், வானம் வட்டம் என்று வடிவம். பிறகு நிறம், எழுத்து, தெய்வம் என்று பட்டியல் நீளும். வாரம் ஒரு பாட்டு என்று போனால் நாலு மாதம் பட்டியலிலேயே கழிந்துவிடும். இதைத் தாண்டிவிட்டு ‘நான் ஏது’ என்ற இடத்துக்கு நேராகப் போய்விடலாமே என்று தோன்றும். போகக் கூடாது. ‘இவை எதுவும் நீ இல்லை’ என்று கழிப்பதற்காகத்தான் ‘இவை’ என்னென்ன என்று முதலில் எண்ணிக் காட்டுகிறார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் தத்துவப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன என்பது மனத்தில் பதியாதவர், பின்னால் ‘நான்’ என்றால் மனம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே ஒரு பெரிய தாளில் 36 கட்டங்கள் போட்டு, மூன்று அல்லது நாலு கூட்டங்களில் இந்தப் பகுதியை முடித்துவிடுங்கள். மனப்பாடம் வேண்டாம், தாள் சுவரில் தொங்கட்டும். காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்ற ஐந்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். உயிர் உலகில் இறங்கிச் செயல்பட இவை எதற்கு என்பது பேசப் பேசத்தான் பிடிபடும்.

நூலின் உயிர்ப்பான பகுதி நடனமும் அஞ்செழுத்தும். குழுவின் நடுவில் ஒரு நடராசர் படமோ சிறு விக்கிரகமோ இல்லாமல் இதைத் தொடாதீர்கள். முதலில் வலம் இடம் குழம்பும்: உடுக்கை பெருமானின் வலக்கையில், பார்ப்பவருக்கு இடப்பக்கம். இதைச் சரிசெய்துகொண்டு இந்தப் பாட்டை எடுங்கள்:

தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தே உற்றதிரோ தம்முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

உடுக்கை படைப்பு, அபயகரம் காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய அடி மறைப்பு (திரோதம்), தூக்கிய அடி அருள். ஓதி முடிப்பதற்குள் பாட்டு புரிந்துவிடும். சிக்கல் அக்கம்பக்கத்துப் பாட்டுகளால் வருகிறது. ஒன்றில் அடி ந, வயிறு ம, தோள் சி, முகம் வ, முடி ய. இன்னொன்றில் உடுக்கை சி, வீசிய கை வ, அபயகரம் ய, தீ ந, காலடியில் கிடக்கும் முயலகன் ம. அப்புறம் அஞ்செழுத்தின் பொருளுக்கு வந்தால் ந என்பது திரோதம், ம மலம், சி சிவம், வ அருள், ய உயிர். அப்போது ஒருவர் நிச்சயம் கேட்பார்: ‘திரோதம் ஊன்றிய அடியில் என்றீர்கள். திரோதத்துக்கு உரிய ந தீயில் இருக்கிறதே, எப்படி?’

இதற்கு அவசரமாக விடை சொல்லி மூடிவிடாதீர்கள். தாளில் மூன்று பத்திகள் போட்டு, ஒன்றில் ஐந்தொழில், ஒன்றில் எழுத்து நிற்கும் இடம், ஒன்றில் எழுத்தின் பொருள் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டும் வேறு கேள்விக்கு விடை, ஒன்றின் பட்டியலை இன்னொன்றின் மேல் ஏற்றிப் பார்த்ததால் வந்த முரண் என்பது அவர்களுக்கே விளங்கும். அதற்குப் பிறகும் ‘தீயில் ஏன் ந?’ என்ற கேள்வி மிச்சம் இருக்கும். இருக்கட்டும், குறிப்பேட்டில் ஏறட்டும். இந்த வாரத்தில் யாராவது ஜெனீவா செர்ன் ஆய்வகத்தில் 2004-இல் வைத்த நடராசர் சிலையை இழுப்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், துகள் இயற்பியலில் இறங்கினால் அன்றைக்கு முயலகன் வரை வந்துசேர முடியாது.

‘நான் ஏது’, ‘நீ ஏது’ இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வையுங்கள். அறிவே உருவான சிவத்தின் முன் சடம் நிற்காது. சடம் சிவத்தை அறியாது. இரண்டையும் பகுத்தறிவது எதுவோ அது ஆன்மா. இது முதல் விடை. இரண்டாவதற்கு, எழுத்துக்கெல்லாம் அகரம் போல உயிருக்கு உயிராய் ‘மேவினோம்’ என்று குரு தன்மையில் பேசுகிறார். சொல்வது மெய்கண்டாரா, சிவமா? குருவே சிவம் என்று சித்தாந்தம் கொள்வதன் கனம் இந்த இடத்தில்தான் தெரியும். உயிரும் இறையும் ஒன்றே என்னும் அத்வைதம் படித்தவர் குழுவில் இருந்தால் விவாதம் சூடாகும். அத்வைதத்தையும் சித்தாந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லதுதான். எது பெரிது என்று இறங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

வினைப் பகுதியில் ஒரு கட்டுப்பாடு அவசியம். கூட்டத்தில் இருப்பவரின் நோயையோ இழப்பையோ உதாரணமாக எடுக்கக் கூடாது. ‘போன பிறவி வினை’ என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார், கேட்டவர் மறுவாரம் வரமாட்டார். சாதகம், பரிகாரக் கேள்விகளும் இங்கேதான் தலைகாட்டும். அவற்றுக்கு இந்த நூலில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது? மூலம் மின்பதிப்பாகவே கிடைக்கிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அச்சில் வாங்குவதானால் கடையில் பிரித்துப் பாருங்கள். சீர்பிரித்த மூலத்தோடு பதம்பிரித்த வடிவமும் இருக்க வேண்டும். ‘தத்துவமே தாணவமே தன்றேதான்’ என்பதைப் புதியவர் தானாகப் பிரிக்க மாட்டார். எது மாணவர் வினா, எது ஆசிரியர் விடை என்ற குறிப்பு தலைப்பில் இருக்கிறதா பாருங்கள். சில பதிப்புகளில் இருப்பதில்லை, நூலின் அழகே அதனால் கெட்டுவிடுகிறது. கடைசியில் தத்துவ அட்டவணை இருந்தால் நல்லது. பொழிப்புரை மட்டும் உள்ள மலிவுப் பதிப்பு குழுவுக்கு உதவாது. பதவுரை இல்லாவிட்டால் பேச்சு பாட்டை விட்டு விலகி எங்கோ போய்விடும். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருப்பதைவிட, இரண்டு மூன்று உரைகள் கலந்திருப்பது மேல். உரைகள் வேறுபடும் இடத்தில் கேள்வி தானாகப் பிறக்கும்.

குறை என்று பார்த்தால், இது முழுக்க ஆகமச் சைவ நூல். எல்லா மரபினரும் கலந்த குழுவுக்கு ஒட்டாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிரச்ன உபநிடதம் பொருந்தும். ஆறு பேர் விறகுக்கட்டோடு பிப்பலாதரிடம் போகிறார்கள். ‘ஓராண்டு தவத்தோடு இங்கே இருங்கள், பிறகு கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறோம்’ என்கிறார். ஆளுக்கு ஒரு கேள்வி, ஆறு பகுதி, ஆறேழு வாரத்தில் முடித்துவிடலாம். மன அமைதிக்கு ஏதாவது படிக்க வேண்டும் என்று தேடுபவருக்கு இரண்டுமே வேண்டாம், அவருக்குத் திருமுறை போதும்.

உண்மை விளக்கம் நிதானமாகப் போனால் ஏழெட்டு மாதம் எடுக்கும். முடித்த குழு அடுத்து உமாபதி சிவத்தின் வினா வெண்பாவுக்குப் போகலாம். அதுவும் அந்த 14-இல் ஒன்று. 13 பாட்டு, பெரும்பாலும் குருவிடம் கேட்ட கேள்விகள். ஒளியும் இருளும் ஓரிடத்தில் சேராதே, இருண்ட என்னிடம் நீ எப்படி நின்றாய் என்று முதல் பாட்டே தொடங்குகிறது. விடை நூலில் கிடையாது. அதனால் சாத்திரம் முறையாகக் கற்ற ஒருவரை மாதம் ஒரு முறையாவது அழைக்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள். அவர் வரும் நாளில் முதல் அரைமணி நேரத்தைக் குறிப்பேட்டில் மிச்சமிருக்கும் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.