சொந்த வாழ்விலிருந்து வரையக் கற்பிக்கும் ஒரு பயிற்சி வகுப்பு: மதிப்பீடு

"உங்கள் வாழ்க்கையிலிருந்து வரையுங்கள்" என்று மாணவர்களிடம் சொல்லாத ஓவிய ஆசிரியர் அநேகமாக இருக்க மாட்டார். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லித் தருபவர்கள்தான் அரிது. அண்மையில் நான் பங்கேற்ற இணையவழிப் பயிற்சி வகுப்பு இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கலைக் கல்லூரி மாணவர்களும், என்னைப் போல ஓவியம் கற்பிப்பவர்களும் அதில் சேர்ந்திருந்தோம். வகுப்பின் முற்பாதி, நான் அறிந்த ஓவியப் பயிற்சிகளுள் மிகச் சிறந்த ஒன்று. பிற்பாதியிலோ, முற்பாதி கற்றுத் தந்ததையே வகுப்பு மறந்துவிடுகிறது.

முதல் பயிற்சியிலேயே பயிற்றுநர் இரண்டு கட்டுப்பாடுகளை விதித்தார். மனித முகம் வரையக் கூடாது. மகிழ்ச்சி, துயரம் போன்ற எந்த உணர்ச்சிக்கும் அடையாளமாக எதையும் வைக்கக் கூடாது. ஏழெட்டு வயதில் அதிகம் புழங்கிய ஓர் அறையை, அந்த வயதுக்குரிய கண்மட்டத்திலிருந்து, நினைவைக் கொண்டு மட்டுமே வரைய வேண்டும். கண்மட்டம் தாழ்ந்ததும் அறையின் அமைப்பே மாறிப்போகிறது: மேசையின் மேற்பரப்பு வெறும் கோடாகச் சுருங்கி அதன் அடிப்பகுதி தெரியத் தொடங்குகிறது, சன்னல் தலைக்கு மேலே போய்விடுகிறது, பெரியவர்கள் இடுப்பும் கைகளுமாகவே படத்துக்குள் வருகிறார்கள். தூரத்துக்கும் கண்மட்டத்துக்கும் ஏற்பப் பொருள்கள் எப்படித் தோன்றும் என்று சொல்லும் தொலைநோக்கு விதிகளைப் பாடமாகப் படித்துச் சலித்திருந்த மாணவர்கள், அந்த விதிகள் தங்கள் சொந்த நினைவுக்குள் இறங்கிச் செல்லும் வழியாகவும் இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டார்கள்.

தன் வாழ்க்கையில் வரையும்படி எதுவுமே நடக்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட ஒரு மாணவி, தயங்கித் தயங்கி ஒரு சுவரையும் அதிலிருந்த மின்விசைப் பலகையையும் வரைந்தார். அவருக்கு என்ன தோன்றியது என்று பயிற்றுநர் கேட்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பக்கத்துக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, விசை கைக்கு எட்டியதா என்றுதான் கேட்டார். எட்டாது, குதிகாலை உயர்த்தி ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் தட்ட வேண்டியிருக்கும் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஊன்றிய கைகள் நாளடைவில் சுவரில் படியவிட்ட அழுக்குத் தடம் அவர் நினைவுக்கு வந்துவிட்டது. கரித்துண்டால் அந்த இடத்தை மெல்லத் தீற்றி, விரல் நுனியால் தேய்த்து, நடுவில் அடர்ந்தும் ஓரங்களில் கரைந்தும் போகும் ஒரு கறையாக அதை ஆக்கினார். படத்தில் ஆள் இல்லை. ஆனால் அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தது என்பதை யாரும் விளக்காமலேயே பார்த்தவர்கள் அனைவரும் உணர்ந்தோம். உணர்ச்சியை நேரடியாகக் கேட்டிருந்தால் இந்தப் படம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த முறைக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் ஓவியம் கற்பித்த லெக்கோக் த புவாபோத்ரான், நினைவிலிருந்து வரைவதைத் தனிப் பாடமாகவே வகுத்து, அதைப் பற்றி 1848இல் நூலும் வெளியிட்டார். எளிய வடிவங்களில் தொடங்கி, முன்பு பார்த்த பொருளையும் மனிதரையும் அவை கண்முன் இல்லாதபோது வரையும் அளவுக்கு மாணவர்களை அவர் பழக்கினார். சிற்பி ரோதானும் ஓவியர் ஃபான்தான் லத்தூரும் அவரிடம் பயின்றவர்கள். நினைவு என்பது பிறவியிலேயே அமைந்த வரம் அல்ல, பயிற்சியால் கூர்மையாகும் திறன் என்பதே அவருடைய அடிப்படை. நான் பங்கேற்ற வகுப்பின் முற்பாதி இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அதனால்தான் அது வெல்கிறது.

அடுத்து வந்த, குடும்பத்தாரின் அனுபவத்தை வரையும் பகுதியும் நிறைவாகவே இருந்தது. அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1940–41இல் வரைந்த அறுபது படங்கள் கொண்ட இடப்பெயர்வுத் தொடரை இங்கே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வடக்கே குடியேறிய கறுப்பின மக்களின் வரலாறு அது. லாரன்சின் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். அவரோ வடக்கில் பிறந்தவர். கேட்டு வளர்ந்த கதைகள் மட்டும் போதாது என்று அவர் நூலகத்தில் அமர்ந்து செய்திகளைத் திரட்டினார் என்பதையும், தொடர் முழுவதும் ஒரே தன்மையில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு வண்ணத்தை எல்லாப் படங்களிலும் இட்ட பிறகே அடுத்த வண்ணத்துக்குச் சென்றார் என்பதையும் பயிற்றுநர் பொறுமையாக விளக்கினார். சொந்த அனுபவம் என்றாலும் தேடிப் படிக்க வேண்டியிருக்கும், தொழில்முறைத் திட்டமும் வேண்டியிருக்கும் என்று மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிற்பாதி "காயம்" என்ற தலைப்பில் தொடங்கியது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. 1925இல் மெக்சிக்க ஓவியர் ஃபிரீடா காலோவுக்கு நேர்ந்த பேருந்து விபத்தும், அதன் பிறகு அவர் வரைந்த தன்னுருவ ஓவியங்களும் காட்டப்பட்டன. அடுத்த அமர்வுக்குள் ஒவ்வொருவரும் தம் வாழ்வின் மிகப் பெரிய வலியை வரைந்து வர வேண்டும் என்றார்கள். வாரக் கணக்கில் சுவர்க்கறையையும் கதவுக் கீலையும் கவனித்து வரைந்த அதே மாணவர்கள், உடைந்த கண்ணாடி, கூண்டு, கண்ணீர்த் துளி என்று எங்கும் காணக் கிடைக்கும் சின்னங்களோடு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வலி இன்னும் ஆறாதிருக்கும்போது அதைத் திரும்பி நின்று பார்க்க முடியாது; பார்க்க முடியாததை வரையச் சொன்னால் கை தெரிந்த சின்னத்தைத்தான் தேடும்.

வகுப்பில் பெயரளவில் சொல்லிக் கடந்துபோன இரண்டு ஓவியர்களின் வரலாறே இதைத் தெளிவாகக் காட்டியிருக்கும். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் அக்காள் சோஃபி 1877இல் காசநோயால் இறந்தார். நோயுற்ற சிறுமியின் ஓவியத்தை மூங்க் முதலில் வரைந்தது 1885–86இல். அதற்கு மாதிரியாக அமர்ந்தவர் வேறொரு சிறுமி. அதே காட்சியை அவர் பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் வரைந்தார். ஜெர்மானிய ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்சின் மகன் 1914 அக்டோபரில் முதல் உலகப் போரில் மாண்டான்; மண்டியிட்டிருக்கும் தாயும் தந்தையுமாக அவர் வடித்த நினைவுச் சிற்பங்கள் மகன் புதைக்கப்பட்டிருந்த கல்லறை வளாகத்தில் வைக்கப்பட்டது 1932இல். இத்தனை ஆண்டுகளும் வடிவத்தைத் தேடுவதில் கழிந்தன. ஓர் அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் இடையே பத்தொன்பது வயது மாணவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமே அல்ல.

இதைவிடக் கவலை தருவது மதிப்பெண் அட்டவணை. "நேர்மை", "துணிவு" ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண்கள் இருந்தன. கோட்டின் உறுதியை அளக்கலாம், ஒளி நிழலின் ஒழுங்கை அளக்கலாம். ஒருவர் தன் வாழ்க்கையை எவ்வளவு திறந்து காட்டினார் என்பதை மதிப்பெண்ணாக்கினால், அதிகம் சொல்பவர் முந்துவார், மறைக்க வேண்டிய காரணம் உள்ளவர் பின்தங்குவார். படங்களை எல்லோர் முன்னிலையிலும் விவாதித்த அமர்வில், படத்துக்குப் பின்னாலுள்ள கதையைச் சொல்ல விரும்பாத ஒரு மாணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கதை வேண்டாம், படத்தை மட்டும் பேசுவோம் என்று சொல்லும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதை முதல் நாளே அறிவித்திருக்க வேண்டும்.

மற்ற ஏற்பாடுகளில் பெரிய குறை இல்லை. பென்சிலும் கரித்துண்டும் சாதாரணத் தாளும் இருந்தால் போதும். பதிவுகளை மீண்டும் பார்க்க முடிகிறது. எழுத்து வழிக் கருத்துரைகள் தாமதமின்றி வந்தன. அடிப்படைக் கோட்டுப் பயிற்சி இல்லாத புதியவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது, ஏனெனில் நினைவில் தெளிவாகத் தெரிந்தாலும் அதைத் தாளில் இறக்கும் கைப்பழக்கம் அவர்களிடம் இருக்காது. ஓரளவு வரையத் தெரிந்தும் எதை வரைவதென்று திகைத்து நிற்பவர்கள் முற்பாதிக்காகவே சேரலாம். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி இருப்பதால், "காயம்" பகுதி திருத்தி அமைக்கப்படும்வரை என் மாணவர்களை முதல் பகுதிக்கு மட்டுமே அனுப்புவதாக இருக்கிறேன்.