46 பிள்ளைகள், நான்கு வீடுகள்

92 பிள்ளைகளை ஒரே வரிசையாக ஒரு நினைவில்லத்துக்குள் விட்டு, மறு வாசல் வழியாக வெளியே எடுக்க 11 நிமிடம் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் சேர்த்து இரண்டு பஸ்ஸில் அழைத்துப்போய், வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவன் நான். மறுநாள் வகுப்பில், அந்த வீட்டில் என்ன பார்த்தாய் என்று எழுதச் சொன்னேன். ஒரு பெண் கொஞ்சமும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள்: "எனக்கு முன்னால் நின்றவளின் ரிப்பன்."

அந்த நோட்டைத் திருத்திய நாளிலிருந்து, பள்ளிச் சுற்றுலாவுக்கு வீடு தேர்ந்தெடுக்கும் என் கணக்கு மாறிவிட்டது. யாருடைய வீடு என்பதை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, அந்த வீட்டின் ஆகச் சிறிய அறையில் எத்தனை பிள்ளைகள் தோள் இடிக்காமல் நிற்கலாம் என்பது. மாளிகையைக் கட்டியவர்களைத் தவிர வேறு யாரும் தம் வீட்டுக்கு 46 பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள் என்று நினைத்து அறை கட்டியிருக்க மாட்டார்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. காலையில் கிளம்பி மாலை மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பது தலைமையாசிரியையின் நிபந்தனை. அதற்குள் அடங்குபவை நான்கு: திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லம், கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம், தியாகராய நகரில் காமராசர் இல்லம், முட்டுக்காட்டில் பழைய வீடுகளின் வளாகமான தட்சிணசித்ரா. நான்குக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் போய் வந்திருக்கிறேன். நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது வீட்டை அல்ல, பஸ் சன்னலை.

காமராசர் இல்லத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்வதற்குக் குறைவாக இருப்பதால். திருமலைப் பிள்ளை சாலையில் இருக்கிறது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு; 1975 அக்டோபர் 2 அன்று உயிர் பிரிந்ததும் அங்கேதான். பார்க்க அதிகமில்லை: புகைப்படங்கள், அவர் பயன்படுத்திய பொருட்கள், புத்தகங்கள். அதிகமில்லாததுதான் அந்த வீட்டின் சிறப்பு என்று பெரியவர்களுக்குப் புரியும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது உடனே புரியாது. "இவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன். அது நல்ல கேள்வி, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பேச அங்கே உட்கார இடம் வேண்டும், அவசரமில்லாத அரைமணி நேரமும் வேண்டும். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் ஜூலை 15ஐ ஒட்டி, 20 பேருக்குள் உள்ள குழுவை அழைத்துப்போகிறீர்கள் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். முழு வகுப்போடு, தியாகராய நகர் நெரிசலில் பஸ்ஸை நிறுத்த இடம் தேடிக்கொண்டு போவதென்றால் வேண்டாம்.

தட்சிணசித்ரா இதற்கு நேர் எதிர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரிந்த வளாகம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்தது. கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. தென்மாநிலங்களிலிருந்து இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாகக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் நெசவாளர் வீடு, இன்னும் கொஞ்சம் நடந்தால் கோட்டயம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, அதன்பிறகு ஆந்திரக் கடலோரத்தின் வட்டமான மண் வீடு.

நிர்வாகக் கண்ணால் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. பஸ் நிறுத்த இடம், கழிப்பறை, மர நிழல், சாப்பிட உட்கார இடம் எல்லாம் உண்டு. மாணவர்களுக்குத் தனிக் கட்டணம். பானை வனைதல், ஓலை பின்னுதல் போன்றவற்றை முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்வார்கள், அதற்குத் தனிச் செலவு. 100 பேர் போனாலும் ஆளுக்கொரு திண்ணை கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. இதை மறந்துவிட்டு முட்டுக்காடு வரை போய், படகுத் துறையைக் காட்டிவிட்டுத் திரும்பிய பள்ளி ஒன்று உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், எங்களுடையது அல்ல.

திண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அளவுநாடாவைக் கொடுக்காமல், சாணாலும் முழத்தாலும் திண்ணையை அளந்து எழுதச் சொன்னேன். ஒருவன் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் நீட்டிப் படுத்துப் பார்த்து, "தாத்தா படுக்க அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினான். நெசவாளர் வீட்டில் தறிதான் அறையை ஆள்கிறது, மனிதர்கள் அதைச் சுற்றி ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை இரண்டு பெண்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இந்த வீட்டில் இருந்தவர்கள் இப்போது எங்கே சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வீடு இங்கே வந்துவிட்டது; தெரு வரவில்லை. அக்ரகார வீட்டுக்கு எதிரே கோயில் இல்லை, குயவர் வீட்டுக்குப் பின்னால் குளம் இல்லை. வெவ்வேறு சாதியினரின் வீடுகள் ஒரே வளாகத்தில், ஒரே அளவு சுத்தத்தோடு அடுத்தடுத்து நிற்கும்போது, அந்தக் காலத்தில் யார் எந்தத் தெருவுக்குள் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. ஆசிரியர் அதை எடுத்துப் போட்டால்தான் உண்டு. வீடு எப்படி இருக்கும் என்பதற்குத் தட்சிணசித்ரா நல்ல பாடம். ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன நடந்தது என்பதற்கு அது உதவாது.

அந்த இரண்டாவது வேலைக்குத்தான் திருவல்லிக்கேணி. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில், பாரதி தன் கடைசி நாட்களில் குடியிருந்த வீடு. இப்போது அரசு நினைவில்லம். எட்டயபுரத்தில் பிறந்த வீடும் புதுச்சேரியில் 1908 முதல் பத்தாண்டு ஒதுங்கியிருந்த காலத்து வீடும் வேறு. பிள்ளைகள் மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள், கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்துவிடுங்கள்.

வகுப்பில் கேட்டுப்பாருங்கள், பாரதி எப்படி இறந்தார் என்று. "யானை அடித்து" என்று 40 குரல் வரும். ஆசிரியர் அறையிலும் இரண்டு குரல் வரும். கோயில் யானை அவரைத் தள்ளியது 1921 ஜூன் மாதம். அதிலிருந்து அவர் தேறிவிட்டார். அதன்பிறகு ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டும் வந்தார். வயிற்றுக் கடுப்பு வந்து உயிர் போனது செப்டம்பரில். இந்த மூன்று செய்திகளையும் துண்டுச் சீட்டில் தேதி இல்லாமல் எழுதிக் கொடுத்து, கோயில் வாசலிலிருந்து வீடு வரை நடக்கும்போதே வரிசைப்படுத்தச் சொன்னேன். கோயிலிலிருந்து வீடு எவ்வளவு பக்கம் என்பதைக் காலால் அளந்தபின், அன்றாடம் யானைக்குத் தேங்காயும் பழமும் கொடுக்கப் போன மனிதர் அவர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தார். புத்தகத்தில் மீசையும் முண்டாசும்தான் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பஸ் அந்தத் தெருவுக்குள் நுழையாது. பூக்கடை, மாடு, இரு சக்கர வாகனம், கோயிலுக்கு வரும் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளைகளை இருவர் இருவராக நடத்திப் போக வேண்டும். உள்ளே பெரும்பாலும் புகைப்படங்களும் எழுத்துகளும்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்று விளக்கப் பலகை படிக்கும், நான்காவதில் கண் மின்விசிறிக்குப் போய்விடும். 20 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விடாதீர்கள். கூடத்தில் ஆளுக்கொரு பாடல் சொல்ல வைக்கலாம். மனப்பாடப் பகுதியாக அல்ல, தமக்குப் பிடித்த நான்கு வரி. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு கடலை நோக்கி நடந்தால் விவேகானந்தர் இல்லம். சென்னைக்காரர்களுக்கு இன்றும் அந்தப் பகுதியே ஐஸ் ஹவுஸ்தான். எனக்கு இந்த நான்கில் அதிகம் பிடித்த கட்டடம் இது. ஒருவருடைய வீடு என்பதால் அல்ல, பலர் கை மாறிய வீடு என்பதால்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் விற்றார். அதைச் சேமித்து வைக்க 1842இல் கட்டிய கிடங்கு இது. வெள்ளைக்காரத் துரைகளின் கோப்பையில் மிதந்த ஐஸ், மாசசூசெட்ஸ் குளத்துத் தண்ணீர். பிறகு நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்யக் கற்றதும் வியாபாரம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, குடியிருக்க ஏற்றபடி வட்டத் தாழ்வாரங்களும் சன்னல்களும் வைத்து, கெர்னன் என்ற நீதிபதியின் நினைவாக கேசில் கெர்னன் என்று பெயரிட்டார். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் அங்கே தங்கினார். அதன்பின் கொஞ்ச காலம் ராமகிருஷ்ண மடம். பிறகு அரசு வசமாகி, சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைப் படிக்கவைத்த விடுதி. 1963இல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி இன்றைய பெயர்.

உள்ளே இருக்கும் கண்காட்சி இயல்பாகவே விவேகானந்தரைச் சுற்றியது. நன்றாகப் பராமரிக்கிறார்கள், அறைகள் தாராளமானவை. தியான அறையில் மட்டும் பையன்களுக்குச் சிரிப்பு வரும்; நான்கு நான்கு பேராக அனுப்புங்கள், கூட்டம் குறைந்தால் சிரிப்பும் அடங்கிவிடும். ஐஸின் கதையையும் விடுதியின் கதையையும் நீங்கள்தான் வெளியே நிறுத்திச் சொல்ல வேண்டும். 12, 13 வயதில் தாலியறுத்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் இந்தச் சன்னல்கள் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு பாடம் படித்தார்கள் என்றபோது, எங்கள் வகுப்புப் பெண்கள் அண்ணாந்து சன்னல்களை எண்ண ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அதே வயதுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளியிலேயே ஒரு வேலை செய்யுங்கள். மரப்பட்டறையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கி வாருங்கள். ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டி. ஒன்றை மரத்தூள் நிரப்பிய தகர டப்பாவிலும் மற்றதைத் தட்டிலும் வைத்து, காலை முதல் மணிக்கும் மதிய மணிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் தண்ணீர்தான் இருக்கும். டப்பாவைக் கிளறியபோது எங்கள் வகுப்பில் எழுந்த சத்தத்துக்கு, பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஐஸ் ஹவுஸ் சுவரைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது.

செலவைப் பொறுத்தவரை, வாடகை பஸ்தான் பணத்தை விழுங்கும், நுழைவுக் கட்டணம் பெரிதல்ல. தூரம் குறைவு என்பதால் முட்டுக்காட்டுக்கு டீசல் மிச்சம், ஆனால் கைவினைப் பயிற்சி சேர்த்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். நகரத்துக்குள் போவதென்றால் நெரிசலுக்காக ஒரு மணி நேரம் கூட ஒதுக்க வேண்டும். திருவல்லிக்கேணிப் பயணத்தில் சாப்பாட்டுக்கு இடம் பிரச்சினை. கடற்கரை மணலில் உட்காரவைத்துப் புளியோதரைப் பொட்டலம் பிரிப்பது கேட்க நன்றாக இருக்கும், காக்கையும் மணலும் சேர்ந்து சாப்பிடும். அதனால் ஐஸ் ஹவுஸ் போவதற்கு முன், பஸ்ஸிலேயே சாப்பிடவைத்துவிடுகிறேன். எங்கே போனாலும் புத்தகப் பை பஸ்ஸிலேயே இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்கு எதிரி பிள்ளையின் கை அல்ல, முதுகில் தொங்கும் பை.

ஆறாம் வகுப்பா, அல்லது பள்ளி முழுக்கக் கிளம்புகிறதா? தட்சிணசித்ரா. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எட்டாம் வகுப்பு, ஒரு பிரிவு, கூடவே மூன்று ஆசிரியர்கள் என்றால் திருவல்லிக்கேணியும் ஐஸ் ஹவுஸும் சேர்ந்த ஜோடி. 23 பேர் பாரதி வீட்டுக்கு, 23 பேர் ஐஸ் ஹவுஸுக்கு. ஒன்றேகால் மணி நேரம் கழித்து இடம் மாற வேண்டும். பாரதி வீட்டுக்குப் போன 23 பேரும் இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி உள்ளே போகும்போது மறு பாதி தெருவில் துண்டுச் சீட்டோடு இருக்கும். நடுவில் இரு குழுவும் எதிரெதிரே நடந்து வந்து சந்திக்கும்போது ஒரே கூச்சல், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள். சென்ற முறை அந்தச் சந்திப்பில்தான், எதிர்ப்பக்கம் போகிறவர்களிடம் "மாடிச் சன்னலை எண்ணாமல் வராதே" என்று ஒருத்தி கத்திச் சொன்னாள்.

நவம்பர், டிசம்பர் மழைக்கு வேண்டாம். மார்ச்சில் தேர்வு. இந்த ஆண்டுக்கு ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்திருக்கிறேன். இரண்டு இல்லங்களுக்கும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் வரும் நேரமும் குறித்து, அன்று திறந்திருக்குமா என்று கேட்டுக் கடிதம் எழுதியாயிற்று. தலைமையாசிரியையின் கையெழுத்து பாக்கி. மரப்பட்டறைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.