சிறுநீரக நோயுள்ள பூனைக்கு நல்ல மருத்துவர்: எங்கள் அனுபவம்

எங்கள் பூனைக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். சில ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம்தான் காட்டுகிறோம். அதற்கு முன் போன கிளினிக் வேறு.

எடை குறைகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது என்று அங்கே சொன்னபோது ரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) லேசாகத்தான் கூடியிருக்கிறது, வயசானால் அப்படித்தான் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை அதைவிட முன்னாலேயே காட்டிக்கொடுக்கும்.

இப்போதைய மருத்துவர் முதல் நாளே சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தார். பூனைக்கு அது 1.035-க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். அப்புறம் ரத்த அழுத்தம். பூனைக்கும் அதைப் பார்ப்பார்கள் என்பதே எனக்குப் புதிது. பயத்திலேயே அழுத்தம் ஏறிவிடும் என்பதால், அமைதியான அறையில் கொஞ்ச நேரம் விட்டு, முன்காலில் சின்னப் பட்டை கட்டிப் பலமுறை அளந்தார். இந்த நோயில் அழுத்தம் கூடுவது சகஜம். கவனிக்காவிட்டால் விழித்திரை கழன்று திடீரென்று பார்வை போய்விடும். தொடர்ந்து 160-க்கு மேலே நின்றதால் அம்லோடிபின் தொடங்கினார். மனிதர்களுக்குத் தரும் அதே மருந்துதான், அளவு ரொம்பச் சிறியது. என்னைக் கேட்டால், ரத்த அழுத்தம் அளக்கிற கருவி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போகலாம்.

இந்த நோயின் நான்கு கட்டங்களில் எது என்பதையும் அவர் உடனே சொல்லவில்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ரத்தப் பரிசோதனையில் வரும் அளவை நம்ப முடியாது என்று, நீர்ச்சத்து சரியான பிறகு மறுபடி ரத்தம் எடுத்துத்தான் சொன்னார். அந்த நிதானம்தான் அவர்மேல் நம்பிக்கை வரக் காரணம்.

தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இப்போது வீட்டிலேயே ஏற்றுகிறோம். பாஸ்பரஸ் குறைந்த உணவு நல்லதுதான், ஆனால் அதைத் தொடவே மாட்டேன் என்றால் பிடித்ததைக் கொடுங்கள், பட்டினி மட்டும் வேண்டாம் என்றார். பூனை சில நாள் சாப்பிடாவிட்டாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி ஆபத்தாகிவிடும். அதனால் குமட்டலுக்கு ஒரு மருந்து, பசிக்கு மிர்ட்டாசபின். ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு துண்டுகூடக் கூடாது.

கிளினிக்குக்குக் கூட்டிப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, பயத்தைத் தணிக்கும் காபாபென்டின் என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னார். இப்போது பூனை நடுங்குவதில்லை. காத்திருக்கும் இடத்தில் நாய்கள் ஒரு பக்கம், பூனைகள் ஒரு பக்கம். கூண்டைத் தரையில் வைக்காமல் மேலே வைக்கத் தட்டு இருக்கிறது.

குறை என்றால், இரவில் அங்கே யாரும் இருப்பதில்லை. படுக்கையில் சேர்க்க வேண்டி வந்தால் வேறு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எல்லா ரிப்போர்ட்டையும், மருந்து அளவுகளையும், வாரா வாரம் நாங்கள் பார்க்கும் எடையையும் போனில் வைத்திருக்கிறோம். ஒருமுறை நள்ளிரவில் ஓட வேண்டி வந்தபோது, அந்த மருத்துவமனையில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.