கோலிக் அழுகைக்காக விற்கப்படும் பொருட்கள்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

பிறந்த இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும் ஓயாத அழுகையைத்தான் மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். நன்றாகப் பால் குடித்து எடையும் கூடிவரும் குழந்தை, பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும், முகம் சிவக்க, கைகளை இறுக்கிக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கி மணிக்கணக்கில் அழும். எங்கள் குழந்தைக்கு இது வந்தபோது நாங்கள் பயன்படுத்திய நான்கு வகைப் பொருட்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்: சொட்டு மருந்து, காற்றுக்குழாய் வைத்த பால்புட்டி, இரைச்சல் கருவி, குழந்தையை மார்போடு சேர்த்துச் சுமக்கும் துணிக் கேரியர். நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஒரே வகைக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் இருக்கும் வேறுபாடு மிகச் சிறியது. எந்த வகையை வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

இத்தகைய பொருட்களுக்கு இணையத்தில் குவிந்திருக்கும் பாராட்டுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மோரிஸ் வெஸல் என்ற குழந்தை மருத்துவர் 1954இல் வகுத்த வரையறையின்படி, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேலாக அழுதால்தான் அது கோலிக். செரிமானக் கோளாறுகளுக்காகப் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் வரையறை இந்தக் கணக்கை மருத்துவரின் நடைமுறைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டது என்றாலும், பெற்றோர் கடைக்குப் போகும் நேரத்தைப் புரிந்துகொள்ள அது இன்றும் உதவுகிறது. மூன்று வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று ஒரு பொருளை வாங்கும்போது குழந்தை ஏறக்குறைய அழுகையின் உச்சத்தில் இருக்கும். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், அழுகை குறையத்தான் போகிறது. ஆறாவது வாரத்தில் வாங்கிய பொருள் பத்தாவது வாரத்தில் பலன் தந்ததாகத் தோன்றுவதற்கு அது நல்ல பொருளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாராட்டு எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் கண்டது உண்மையான மாற்றம்தான், அதற்கான காரணம்தான் வேறாக இருக்கக்கூடும். ஆகவே ஒப்பீட்டுக் குழுவுடன் செய்யப்பட்ட ஆய்வுகளையும் என் அனுபவத்தோடு சேர்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, எடை கூடாமலிருப்பது, உச்சிக்குழி புடைப்பது, துவண்டுபோவது ஆகியவை கோலிக்கின் அறிகுறிகள் அல்ல. கால்விரலில் சுற்றிக்கொண்ட ஒரு தலைமுடி, தொடை இடுக்கில் தெரியும் குடலிறக்கப் புடைப்பு போன்றவைகூடத் திடீரென்று தொடங்கி நிற்காமல் தொடரும் அழுகைக்குக் காரணமாகலாம்.

சொட்டு மருந்துகளில் அதிகம் விற்பது சிமெத்திகோன். வாயுக் குமிழிகளின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சிறு குமிழிகள் ஒன்றுசேர்ந்து எளிதில் வெளியேறச் செய்வது அதன் வேலை. உடலுக்குள் உறிஞ்சப்படாமல் அப்படியே கழிந்துவிடுவதால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால் 1994இல் 83 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மருந்துப்போலியைவிட (மருந்தே இல்லாத போலிச் சொட்டைவிட) அது எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. குழந்தை அழும்போது காற்றை விழுங்குகிறது. நாம் காணும் வயிற்று உப்புசம் அழுகையின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாகவே இருக்கலாம் என்பதை எண்ணினால் இந்த முடிவு வியப்பளிக்காது. எங்கள் வீட்டிலும் அந்தச் சொட்டைக் கொடுத்த மாலைக்கும் கொடுக்காத மாலைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

நன்மை தரும் நுண்ணுயிர்களைக் கொண்ட புரோபயாட்டிக் சொட்டுகளுக்கு இதைவிடச் சற்று வலுவான ஆதாரம் உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. லாக்டோபசில்லஸ் ரியூட்டரி என்ற நுண்ணுயிரின் டிஎஸ்எம் 17938 என்னும் குறிப்பிட்ட ரகத்தைத்தான் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுமாக 167 பேரைக் கொண்டு மெல்போர்னில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு அதில் பலன் இல்லை என்றது. நான்கு ஆய்வுகளில் இடம்பெற்ற 345 குழந்தைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வோ, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்கு அது அழுகையைக் குறைக்கிறது என்றும், புட்டிப்பால் குழந்தைகளைப் பற்றி அப்படிச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றும் முடிவுக்கு வந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முயன்று பார்க்கத் தக்க ஒரே சொட்டு இதுதான் என்பது என் கருத்து. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ரகத்தின் எண்ணைப் பாருங்கள். வெறுமனே புரோபயாட்டிக் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஆய்வுகள் அதற்குப் பொருந்தாது. வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமைன் என்ற மருந்து கலந்த சொட்டு எதையும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதில் உண்டு.

பால்புட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே காற்றுக்குழாய் வைத்த புட்டி, குழந்தை விழுங்கும் காற்றைக் குறைக்கலாம். ஆனால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, வயதுக்கேற்ற துளையுள்ள காம்பைப் பொருத்தி, இடையில் ஏப்பம் விடவைத்தாலே அதே பயன் பெருமளவு கிடைத்துவிடுகிறது. கழுவவேண்டிய உதிரிப்பாகங்கள் பல. தூக்கமில்லாத வீட்டில் அது சிறிய சுமையல்ல.

இரைச்சல் கருவி எங்களுக்கு உண்மையாகவே உதவியது, அதனால்தான் அதன் குறையையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை பெய்வதுபோன்ற சீரான இரைச்சல் குழந்தைகளை உறங்கவைக்கும் என்பது 1990இல் வெளியான ஒரு சோதனையிலேயே தெரிந்தது: இரைச்சலைக் கேட்ட 20 பச்சிளங்குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கினார்கள், கேட்காத 20 பேரில் 5 பேர் மட்டுமே உறங்கினார்கள். அவர்கள் கோலிக் உள்ள குழந்தைகள் அல்லர் என்றாலும், அழுகை சற்றே தணிந்த இடைவெளியில் எங்கள் குழந்தையை உறக்கத்துக்குள் கொண்டுசெல்ல இந்தக் கருவி துணைநின்றது. ஆனால் சந்தையில் கிடைத்த 14 கருவிகளைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, 30 செண்டிமீட்டர் தூரத்தில் முழு ஒலியில் வைத்தபோது அவை அனைத்தும் மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 50 டெசிபெல் எல்லையைத் தாண்டின என்றும், மூன்று கருவிகள் 85 டெசிபெலையும் தாண்டின என்றும் காட்டியது. நாங்கள் வாங்கிய கருவியோ தொட்டிலின் கம்பியிலேயே மாட்டும்படி கொக்கியோடு வந்தது. அந்தக் கொக்கியை வடிவமைத்தவர்கள் குழந்தையின் காதைப் பற்றி நினைக்கவில்லை என்றே சொல்வேன். அறையின் மறுகோடியில் வைத்து, ஒலியைக் குறைத்து, குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுபவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன். தானாக நின்றுபோகும் நேர அமைப்பு இல்லாத கருவியை வாங்க வேண்டாம்.

நான்கில் என் முழு மனதான பரிந்துரையைப் பெறுவது துணிக் கேரியர். இத்தனைக்கும் ஆய்வுகள் அதற்கு முழு வெற்றியைத் தரவில்லை. குழந்தையை நாள்தோறும் கூடுதல் நேரம் சுமந்தால் ஆறாவது வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைகிறது என்று 1986இல் வெளியான ஆய்வு சொன்னது. அது இயல்பான குழந்தைகளிடம் செய்யப்பட்டது. ஏற்கெனவே கோலிக் வந்துவிட்ட குழந்தைகளைச் சுமந்தபோது அத்தகைய குறைவு தென்படவில்லை என்று பின்னர் 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. இருந்தும் நான் இதை முதலிடத்தில் வைப்பதன் காரணம், சுமப்பவரின் கைகளும் முதுகும் தளர்ந்துபோகாமல் இது காக்கிறது என்பதே. அழும் குழந்தையோடு ஒரு முழு மாலையை நடந்து கழிக்க வேண்டியிருக்கும்போது, எடை இரு தோள்களிலும் இடுப்பிலும் பரவுவது பெரிய ஆறுதல். 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, அழும் குழந்தையை ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்து சுமந்து, உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்து அணைத்திருந்து, அதன்பிறகே படுக்கையில் கிடத்தும்படி கூறுகிறது. கேரியருடன் இந்த முறையைப் பின்பற்றியபோது, கிடத்தியவுடன் விழித்துக்கொள்வது எங்கள் வீட்டில் கண்கூடாகக் குறைந்தது.

கேரியரைக் கட்டும் விதத்தில் கவனக்குறைவு கூடாது. குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் அதன் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் ஒட்டாமல் இடைவெளி வேண்டும். துணி தளராமல் முதுகைத் தாங்க வேண்டும். குறைப்பிரசவத்தில் பிறந்த அல்லது எடை குறைந்த குழந்தையாக இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. நீளத்துணியாக வரும் வகையைக் கட்டிப் பழகச் சில நாட்கள் பிடிக்கும், அதுவும் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது பழக முயன்றால் இருவருக்கும் துன்பமே. குழந்தை அமைதியாக இருக்கும் காலை வேளையில் பழகிக்கொள்வது நல்லது.

கேரியரோடு வந்த கையேட்டில் ஒரு பெரிய குறை கண்டேன். துணியைத் துவைக்கும் முறைக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கியவர்கள், சுமப்பவரின் பொறுமை முற்றிலும் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. கோலிக் குழந்தையை வளர்க்கும் எவருக்கும் அந்த நொடி வரும். குழந்தையை உலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். ஆகவே பொறுமை தீர்ந்த அந்த நொடியில் கேரியரை அவிழ்த்து, குழந்தையை எதுவுமற்ற தொட்டிலில் மல்லாந்து கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு, சில நிமிடம் வேறு அறையில் இருந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு திரும்பலாம். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். அந்தச் சில நிமிட அழுகையால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் நேராது. இந்த அறிவுரையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.