குழாயடி வரிசையை வீட்டுக்குள் கொண்டுவந்த கண்காட்சி

மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து இன்ஸ்டலேஷன் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், அதாவது சாமான்களை அறைக்குள் அடுக்கி அந்த இடத்தையே கலைப்படைப்பாக ஆக்குவது. நகரத்துப் பிழைப்பைப் பற்றியது, எல்லாமே வீட்டிலும் தெருவிலும் புழங்கிய சாமான்களில் செய்தது. கட்டணம் கிடையாது, அவசியம் போய்ப் பாருங்கள்.

முதல் அறைக்காக மட்டுமே கூடப் போகலாம். சுவரில் ஒரு குழாய், அதிலிருந்து வாசல் தாண்டித் தெரு வரைக்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுநடுவே ஆள் இல்லாத நேரத்தில் இடம் பிடித்து வைக்கிற செங்கல், உடைந்த வாளி. அவ்வளவுதான். புதுக் குடம் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி வந்தார்களாம். உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தால் அடியில் விரிசல் விட்ட இடத்தைக் காய்ச்சின கரண்டியால் இழைத்து ஒட்டியது தெரிகிறது, கழுத்தில் நெயில் பாலிஷால் எழுதின பெயரின் முதல் எழுத்து பாதி தேய்ந்து நிற்கிறது. டெல்லிக் கலைஞர் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்துச் செய்த சிற்பங்களில் அந்தப் பளபளப்புதான் பேசும். இங்கே பேசுவது தழும்பு. எனக்கு இதுதான் நெருக்கம்.

அடுத்த அறையில் கீழமாரட் வீதி வெங்காயச் சாக்குகள். வாடை போகக் கூடாது என்று அலசாமல் விட்டிருக்கிறார்கள், நல்ல முடிவு.

மாடியில் சுங்குடி. துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தால், கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும், அதுதான் சுங்குடி. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, ஆனாலும் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சடித்தவைதான். இங்கே முடிச்சு அவிழ்க்காத ஒரு சேலையை வைத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுக்கச் சொல்கிறார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து நூல் தரையில் விழுகிறது, அந்த நூலைப் பெருக்காமல் அப்படியே குவிய விட்டிருக்கிறார்கள். கட்டின பெண்களின் விரல் வேலை அத்தனையும் அந்தக் குவியலில் கிடக்கிறது.

பிடிக்காதது முற்றத்தில் இருக்கிற கோபுரம். தண்ணீர் பாட்டில்களை அடுக்கித் தங்க பெயின்ட் அடித்துவிட்டார்கள். பெயின்ட் அடித்த பிறகு அது பாட்டிலாக இருந்தால் என்ன, தெர்மாகோலாக இருந்தால் என்ன? கலைஞர் விவான் சுந்தரம் 2008 வாக்கில் குப்பையைத் தன் ஸ்டுடியோவில் ஒரு நகரமாகவே பரப்பிப் படம் எடுத்தார், அதில் குப்பை குப்பையாகவே இருக்கும், அதனால்தான் பார்க்கிறவனைத் தைக்கும். வைகைக்குள் கிடக்கிற பாட்டிலை அந்த அழுக்கோடு வைத்திருந்தால் இந்தக் கோபுரமும் நின்றிருக்கும்.

இன்னொன்று, விளக்க அட்டைகள் முழுக்க ஆங்கிலத்தில். குடம் கொடுத்த அக்காமார் வந்து பார்க்கிறபோது அவர்கள் படிக்கத் தமிழில் நாலு வரி வேண்டாமா? இதை மட்டும் உடனே மாற்றுங்கள் தம்பிகளா.

மத்தியானம் போகாதீர்கள், ஓட்டுக்கடியில் வெக்கை தாங்காது. வண்டி நிறுத்தவும் இடமில்லை, சிம்மக்கல்லில் இறங்கி நடந்துவிடுவது நல்லது.