மாடியில் காட்டியது ஒரு பைனாகுலர், பெட்டியில் வந்தது வேறு

மதுரையில் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு கடை. பெயர் வேண்டாம். மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு 10×50 பைனாகுலரைக் (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) கையில் கொடுத்தார்கள். கோபுரத்துச் சிலைகளின் விரல்கூடத் தெரிந்தது. "வெளிநாட்டுல வேட்டைக்குப் போறவங்களே இதைத்தான் சார் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். (இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியதிலிருந்து அந்தப் பேச்சுக்கே இடமில்லை, எனக்குப் பறவை தெரிந்தால் போதும்.) பணம் கட்டியதும் சீல் வைத்த பெட்டி ஒன்று வந்தது. "அதே பீஸ்தான் சார், புதுசு."

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் பாறைமேல் உட்கார்ந்திருந்த வல்லூறைப் பார்த்தபோது வண்டவாளம் தெரிந்தது. உடம்பைச் சுற்றி ஊதா விளிம்பு. நெஞ்சுக் கோடுகளெல்லாம் சாம்பல் திட்டு. கண்களை மாற்றி மாற்றி மூடினால் பாறை விளிம்பு மேலும் கீழும் குதித்தது. இரண்டு குழாயும் ஒரே நேராக இல்லை. கண் அதை இழுத்துச் சேர்க்கப் பார்க்கும், தலைவலிதான் மிச்சம்.

வீட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால், கண் வைக்கும் பக்கம் சின்ன ஒளிவட்டம் தெரியும். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. அந்த வட்டம் 5 மி.மீ. இருக்க வேண்டும். இதில் 3-ஐத் தாண்டவில்லை. முன்னால் பெரிய லென்ஸை மாட்டிவிட்டு, உள்ளே வளையம் வைத்து மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை மறித்திருக்கிறார்கள். விடியற்காலைக் கண்மாய்க்கு இது எதற்கு ஆகும்? வட்டமும் வட்டமாக இல்லை, ஓரம் சீவினாற்போல் சதுரம். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பிரிசம் மட்டமானது.

கடைக்குத் திரும்பப் போனேன். முன் லென்ஸ் ஏன் இப்படிச் சிவப்பாக மின்னுகிறது என்றால், "ரூபி கோட்டிங் சார், மிலிட்டரி அயிட்டம்" என்கிறார். லென்ஸ்மேல் போட்ட அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அடிப்பதால்தான் அது மின்னுகிறது. அந்தச் சிவப்பு நம் கண்ணுக்கு வராது. செம்போத்தின் இறக்கைகூட வெளுத்துத் தெரியும். நல்ல கோட்டிங்கில் டியூப்லைட் பிம்பம் மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ விழும். சரி, மாடியில் காட்டியதையாவது கொடுங்கள் என்றேன். "அது விக்கிறதுக்கு இல்ல சார்."

பணமும் திரும்பவில்லை. பில்லில் 'பைனாகுலர் - 1' என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் பெட்டியை அங்கேயே பிரித்து அதே கோபுரத்தைப் பாருங்கள். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.